ஐந்தில் வளைத்தே ஆக வேண்டுமா?

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற பழமொழிக்கு நம் ஊரில் ஓய்வே கிடையாது. பாட்டு வகுப்பு, அபாகஸ், இந்தி டியூஷன், செஸ் என்று எல்லா வாசலிலும் நின்று ஆள் பிடிக்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்து வாசலில் மட்டும் அதற்குத் தனி மிடுக்கு. மற்ற இடங்களில் அது வெறும் உவமை. இங்கே குழந்தையின் உடம்பே சாட்சிக்கு வந்து நிற்கிறது. நான்கு வயதுப் பிள்ளை காலை விரித்துத் தரையோடு தரையாக உட்காருவதைப் பார்த்த யாருக்கும் மறுத்துப் பேச வாய் வராது.

பழமொழியோடு எனக்குச் சண்டையில்லை. அதைச் சொல்லிக்கொண்டு நடக்கும் காரியங்களோடுதான்.

அந்தக் காரியங்களுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பயிற்சி தருகிறவர்களில் பலரும், பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேரும் அதை வேதமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று நான்கு வயதில் சேர்த்தால்தான் உண்டு. ஆறேழு வயதில் மெடலோடு படம் எடுத்துக்கொள்ளாத பிள்ளை பின்தங்கிவிட்டது. காலை விரித்து உட்காரும் ஸ்ப்ளிட் இறங்காவிட்டால் மாஸ்டர் தொடையில் அழுத்தினால்தான் இறங்கும், அழுதால் அழட்டும். பீம் என்ற குறுகிய கட்டையில் ஏறப் பயந்தால் பயத்தை விரட்ட வேண்டும். அம்மா அப்பா உள்ளே இருந்தால் பிள்ளை செல்லம் கொஞ்சும்; ஆகவே கேட்டுக்கு வெளியே நில்லுங்கள். எதிர்த்து ஏதாவது கேட்டால் தயாராக ஒரு பதில் இருக்கும்: "நாடியாவுக்குப் பதினாலு வயசுதான் சார்."

இதில் கால்பங்கு உண்மை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். தலைகீழாக நிற்கும்போது மேல் எது கீழ் எது என்று உடம்புக்குத் தெரிவதும், காற்றில் சுழன்று தரையைக் கண்டுபிடிப்பதும் சின்ன வயதில் சுலபமாகப் படிகிற பாடங்கள். அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் ஆறு வயதில் தொடங்கியவர். நம் தீபா கர்மாகரும் ஆறு வயதில்தான். பதினைந்து வயதில் முதன்முதலாகக் குட்டிக்கரணம் போட்டு ஒலிம்பிக் போனவரை எனக்குத் தெரியாது. சீக்கிரம் தொடங்குவது தவறென்று நான் சொல்லவில்லை. சீக்கிரம் தொடங்கியதைச் சீக்கிரம் முடித்துக் காட்டச் சொல்வதுதான் தவறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் அந்த நம்பிக்கை பிழைக்கிறது.

நாடியாவிடமிருந்தே ஆரம்பிப்போம். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் நாடியா கொமனெச்சி பத்துக்குப் பத்து வாங்கினார். மதிப்பெண் பலகையில் 10.00 என்று காட்ட இடமில்லாததால் 1.00 என்று வந்தது. ஏழு முறை அந்த முழு மதிப்பெண்ணை வாங்கினார். அப்போது அவருக்கு 14 வயது என்பது உண்மை. அதே நாடியா அதே வயதில் இன்று வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதும் உண்மை. பெண்களுக்கான குறைந்தபட்ச வயதைச் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனம் 1981இல் 15 ஆக்கியது, 1997இல் 16 ஆக்கியது. போட்டி நடக்கும் ஆண்டுக்குள் 16 நிறைய வேண்டும். எந்தச் சாதனையைக் காட்டி நம்மை அவசரப்படுத்துகிறார்களோ, அந்தச் சாதனையைச் சின்ன வயதில் செய்யக் கூடாது என்று விளையாட்டே சட்டம் போட்டு நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது.

நாடியாவுக்கு முன்னால் யார் ஜெயித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஹங்கேரியின் ஆக்னஸ் கெலெட்டி 1956 மெல்போர்னில் நான்கு தங்கம் வாங்கியபோது அவருக்கு 35 வயது. யூதர் என்பதால் போரும் ஒளிந்து வாழ்தலும் அவர் இளமையைத் தின்றுவிட்டன. முதல் ஒலிம்பிக்கில் ஆடியதே 31 வயதில். செக்கோஸ்லோவாக்கியாவின் வேரா சாஸ்லவ்ஸ்கா 1968 மெக்சிகோவில் ஒட்டுமொத்தப் பிரிவின் தங்கத்தை இரண்டாம் முறையாக வென்றது 26 வயதில். மூன்று ஒலிம்பிக்குகளில் 18 பதக்கம் வாங்கிய சோவியத் வீராங்கனை லரிஸா லத்தினினா, நடுவில் ஒரு பிள்ளையும் பெற்றார். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் என்றாலே சிறுமிகள் என்ற படம் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வரையப்பட்டது. ஒரு கால்நூற்றாண்டின் மோகத்தை இந்த விளையாட்டின் இயற்கை என்று நம் தலையில் கட்டுகிறார்கள்.

2006இல் மதிப்பெண் முறை மாறியது. பத்து என்ற கூரை போனது. செய்யும் வித்தையின் கடினத்துக்குத் தனி மதிப்பெண், நேர்த்திக்குத் தனி மதிப்பெண். கடினத்துக்கு உச்சவரம்பு இல்லை. இதனால் குதிக்கவும் தள்ளவும் வலு உள்ள வளர்ந்த உடம்புக்கு மறுபடி மவுசு வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒட்டுமொத்தப் பிரிவின் மேடையில் நின்ற மூவரின் வயதைப் பாருங்கள்: பைல்ஸ் 27, பிரேசிலின் ரெபெக்கா அன்ட்ராடி 25, சுனிசா லீ 21. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா 2008இல் ஜெர்மனிக்காக வால்ட் என்ற தாவல் பிரிவில் வெள்ளி வாங்கியபோது 33. மகனுக்கு ரத்தப் புற்றுநோய். சிகிச்சைக்காகத்தான் குடும்பத்தோடு ஜெர்மனி போயிருந்தார். 46 வயதில் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஆடினார். ஐம்பதில் வளையுமா என்று இவரிடம் போய்த்தான் கேட்க வேண்டும்.

வெளிநாட்டுக் கதையெல்லாம் நமக்கு ஒத்துவராது என்பார்கள். சரி, அகர்தலாவுக்கு வருவோம். தீபா கர்மாகரின் பாதம் தட்டை. வால்ட்டுக்கு ஓடிவந்து பலகையில் மிதித்து எழும்ப வேண்டியவருக்கு அது பெரிய குறை. மூன்று வயதில் பிள்ளைகளைப் பார்த்துத் தேறும் தேறாது என்று சொல்லிவிடும் நம்மூர் வல்லுநர்கள் கையில் கிடைத்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். பயிற்சியாளர் பிஷ்வேஷ்வர் நந்தி பொறுமையாக அதன்மேல் வேலை செய்தார். தீபா காமன்வெல்த் வெண்கலம் வாங்கியது 2014இல், 20 வயதில். ரியோ ஒலிம்பிக்கில் புரோடுனோவா என்ற ஆபத்தான வால்ட்டைச் செய்து 15.066 வாங்கி நான்காம் இடம் வந்தபோது 23, வெண்கலத்துக்கு 0.15தான் குறைவு. முழங்கால் அறுவை சிகிச்சை, தடைசெய்யப்பட்ட மருந்து தொடர்பாக 21 மாதத் தடை எல்லாவற்றுக்கும் பிறகு 2024இல் தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம் வாங்கினார். இந்தியாவுக்கு அந்தப் போட்டியில் கிடைத்த முதல் தங்கம் அது. அப்போது அவருக்கு 30. ஹைதராபாத்தின் அருணா ரெட்டி கராத்தேயில் கறுப்புப் பட்டை வாங்கியவர். 2018இல் மெல்போர்ன் உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் பதக்கத்தை வாங்கியபோது 22. இவர்கள் ஏழு வயதில் என்ன மெடல் வாங்கினார்கள் என்று நாம் விசாரிப்பதுகூட இல்லை. அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

ஆறு வயதுக் குழந்தைக்குச் சட்டப்படி இன்னும் பத்து வருஷம் இருக்கிறது. அந்தப் பத்து வருஷமும் தேவைதான். அதை எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதுதான் கேள்வி. ஓட, தொங்க, உருள, கையூன்றி நிற்க, எல்லாவற்றுக்கும் மேலாகச் சரியாகத் தரையிறங்கக் கற்கும் காலம் அது. வீடியோவில் தரையிறங்குவதை யாரும் ரசிப்பதில்லை. ஆகவே அதைக் கற்றுக்கொடுக்க யாருக்கும் பொறுமையுமில்லை. அடுத்த மாதப் போட்டிக்கு ஒரு நிமிஷ ரொட்டீனை உருப்போட வைத்து அனுப்பினால் சான்றிதழ் வரும், பெற்றவருக்கு ஸ்டேட்டஸ் வரும், கூடத்துக்கு அடுத்த அட்மிஷன் வரும். கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழத்துக்கும் நிறம் வரத்தான் செய்கிறது.

இனி வலி. அழுத்தினால்தான் ஸ்ப்ளிட் இறங்கும் என்பவர்களுக்கு எலும்பைப் பற்றித் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அக்கறையில்லை. குழந்தையின் எலும்பு நுனிகளில் வளர்ச்சி நடக்கிற குருத்துப் பகுதி இருக்கிறது. பல சமயம் பக்கத்திலிருக்கும் தசைநாரைவிட அதுதான் பலவீனமான இடம். பெரியவர்களுக்குச் சுளுக்கோடு போகிற அடி குழந்தைக்கு அங்கே போய் விழும். ஜிம்னாஸ்டிக்ஸில் கை காலாகிறது. உடம்பின் முழு எடையும் மணிக்கட்டில் இறங்குகிறது. அங்குள்ள வளர்ச்சிப் பகுதி தேய்ந்து வீங்குவது இந்த விளையாட்டில் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிற ஒன்று. இடுப்பைப் பின்னால் ஒடித்து ஒடித்துப் பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்குக் கீழ் முதுகெலும்பில் மயிரிழை முறிவு வரும். வெளியே வீக்கம் தெரியாது, பிள்ளை வலிக்கிறது என்று சொல்வது மட்டும்தான் அடையாளம். அந்த ஒரே அடையாளத்தைத்தான் 'நடிக்கிறாள்' என்று தள்ளுகிறோம். அமெரிக்க விளையாட்டு மருத்துவர் நீரு ஜெயந்தியும் சகாக்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்துக்குத் தன் வயதைவிட அதிக மணி நேரம் விளையாட்டுப் பயிற்சி செய்த பிள்ளைகளுக்குக் காயம் கூடுதலாக வந்ததைக் காட்டியது. உச்ச நிலைக்குப் போகிற பதின்மூன்று வயதுப் பெண் இந்தக் கணக்குக்குள் அடங்கமாட்டாள், வாரம் இருபது மணிக்கு மேல் போகும். அதை மறைக்க வேண்டாம். ஆறு வயதுக் குழந்தைக்கு இந்தக் கணக்கை மீற எந்தக் காரணமும் கிடையாது.

இந்த இடத்தில் எதிர்த் தரப்புப் புரளி ஒன்றையும் கழித்துவிடலாம். ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தால் பிள்ளை குள்ளமாகிவிடும் என்று பாட்டிகள் பயமுறுத்துவார்கள். 2013இல் வளர்ச்சி நிபுணர்கள் இருந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, தீவிரப் பயிற்சியால் வயது வந்த பிறகான உயரம் குறைவதில்லை என்ற முடிவுக்கே வந்தார்கள். குள்ளமான பிள்ளைகள் இந்த விளையாட்டில் நிலைக்கிறார்கள் என்பதே சரி. சோற்றைக் குறைத்து எடையைப் பிடித்துவைப்பது வேறு விஷயம். அது மாதவிடாயைத் தள்ளிப்போடும், எலும்பை மெலியவைக்கும். பத்து வயதுப் பெண்ணிடம் 'வெயிட் போட்டுட்ட' என்று சொல்கிற பயிற்சியாளரிடமிருந்து அன்றே பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது பயத்தைப் பற்றிய பேச்சில்தான். பயம் கோழைத்தனம், அதட்டினால் போய்விடும் என்கிறார்கள். சோவியத் வீராங்கனை எலெனா முகினாவின் கதையை இவர்கள் படித்ததில்லை. 1978இல் உலகச் சாம்பியன் ஆனவர். அடுத்த ஆண்டு கால் முறிந்தது. முழுதாக ஆறுவதற்குள் மாஸ்கோ ஒலிம்பிக்குக்காகப் பயிற்சிக்குத் திரும்ப வைத்தார்கள். தாமஸ் சால்ட்டோ என்ற வித்தை ஆண்களிடமிருந்து எடுத்து அவருக்குக் கொடுக்கப்பட்டது. சுழன்று வந்து கிட்டத்தட்டக் கழுத்தின்மேல் உருண்டு இறங்க வேண்டியது. அது தன் கழுத்தை முறித்துவிடும் என்று அவர் பயிற்சியாளரிடம் சொல்லியிருந்தார். காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1980 ஜூலையில், ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மின்ஸ்கில் பயிற்சியில் அதே வித்தையில் சுழற்சி போதாமல் தாடை தரையில் மோதி விழுந்தார். 20 வயதில் கழுத்துக்குக் கீழே அசைவு போயிற்று. 2006இல் இறக்கும்வரை அப்படியே இருந்தார். அந்த வித்தை பிற்பாடு தடை செய்யப்பட்டது.

முகினா விழுந்து 41 ஆண்டு கழித்து டோக்கியோவில், அணிகளுக்கான இறுதிப் போட்டியில் பைல்ஸ் முதல் வால்ட்டோடு விலகினார். காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்று அவர் உடம்புக்குத் தெரியாமல் போய்விட்டது. அந்த நிலையில் குதித்தால் என்னவாகும் என்பது இந்த விளையாட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெளியில் இருந்தவர்கள் நாட்டுக்குத் துரோகம், மனவலிமை இல்லை என்று எழுதினார்கள். மூன்று ஆண்டு கழித்து பாரிஸில் அதே பைல்ஸ் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. பயத்தைச் சொல்லியும் குதிக்க வைக்கப்பட்டவர் படுக்கையில் விழுந்தார். பயத்தைக் கேட்டு நின்றவர் மேடைக்குத் திரும்பினார். பீமின் அகலம் 10 சென்டிமீட்டர், உயரம் ஒன்றேகால் மீட்டர். அதன் நுனியில் நின்று 'இன்னைக்கு வேணாம் சார்' என்று சொல்கிற குழந்தைக்கு அன்று ஏதோ தெரிந்திருக்கிறது. நல்ல பயிற்சியாளர் அவளை இறக்கி, தரையில் வரைந்த கோட்டில் அதையே செய்யச் சொல்வார். மற்றவர் எல்லார் முன்னாலும் அதட்டுவார். இரண்டாமவருக்குத்தான் நம்மிடம் 'ஸ்ட்ரிக்ட்' என்று நல்ல பெயர்.

'கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க' என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த பரம்பரை நாம். பள்ளிக்கூடத்தில் அதைக் கொஞ்சம் விட்டொழித்தோம். மைதானத்தில் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். கண்ணைக்கூட விட்டுவைக்காத இடங்கள் உண்டென்று உலகம் பார்த்தாயிற்று. அமெரிக்க தேசிய அணியின் மருத்துவர் லாரி நாசர் பல ஆண்டுகள் சிறுமிகளைச் சிகிச்சை என்ற பெயரில் சீரழித்தார். 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றம் அவருக்கு 40 முதல் 175 ஆண்டு வரை சிறை விதித்தபோது 150க்கும் மேற்பட்ட பெண்கள் எழுந்து நின்று பேசினார்கள். அவர் புகுந்து விளையாடிய இடங்களில் ஒன்று, டெக்சாஸ் காட்டுக்குள் பேலா, மார்ட்டா கரோலி தம்பதி நடத்திய தேசிய அணி முகாம். அங்கே பெற்றோருக்கு அனுமதி இல்லை. பேலா கரோலி யாரென்று கேட்டால், நாடியாவை உருவாக்கியவர்.

பெற்றவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. நாசர் தாய் இருக்கும் அறையிலேயே, அவர் பார்வையை மறைத்து நின்றுகொண்டு அதைச் செய்ததாக வாக்குமூலம் இருக்கிறது. 1997லேயே சில பெண்பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லியும் பெரியவர்கள் நம்பவில்லை. மாஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வீட்டில் தினமும் கேட்டு வளர்ந்த பிள்ளை, மாஸ்டரைப் பற்றிச் சொல்ல யாரிடம் போகும்?

அது ஒரு தனி மிருகத்தின் கதை என்று ஒதுக்க நினைப்பவர்கள் பிரிட்டனைப் பார்க்கலாம். அங்கே ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி ஆன் வைட் என்ற வழக்கறிஞர் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2022 ஜூனில் வந்தது. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அவற்றில் 40 சதவீதத்துக்கு மேல் பயிற்சியாளர்களின் உடல் ரீதியான கொடுமையைப் பற்றியவை. காயத்தோடு பயிற்சி, வலிக்க வலிக்க இழுத்து வளைத்தல், தண்ணீருக்கும் கழிவறைக்கும் தடை, எடைக்காகப் பட்டினி என்று பட்டியல் நீள்கிறது. இவையெல்லாம் சாம்பியன்களை உருவாக்கும் வழி என்று நம்பிச் செய்யப்பட்டவை. கழைக்கூத்தாடி தன் பிள்ளையைக் கயிற்றில் ஏற்றுவதைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறோம். அவராவது கீழே கைநீட்டியபடி நிற்கிறார். நாம் மாதச் சம்பளம் கட்டிவிட்டு கேட்டுக்கு வெளியே போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அப்படி அடித்து வளர்த்தவர்கள் சாம்பியனை உருவாக்கினார்களே என்பார்கள். உருவாக்கினார்கள். எத்தனை பேரை உடைத்து எத்தனை பேரை உருவாக்கினார்கள் என்ற கணக்கு மட்டும் அவர்களிடம் கிடையாது. பாதியில் போனவர்களின் படம் கூடத்துச் சுவரில் மாட்டப்படுவதில்லை. தீபாவும் நந்தியும் குழந்தைப் பருவம் முதல் ரியோ வரை ஒன்றாகவே இருந்தார்கள். பைல்ஸ் சிறுமியாக இருந்தது முதல் ரியோ வரை ஏமி போர்மன் என்ற ஒரே பயிற்சியாளரோடுதான் இருந்தார். பேத்தியைத் தத்தெடுத்து வளர்த்த ரான், நெல்லி பைல்ஸ் பின்னால் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தையே கட்டிவிட்டார்கள். அவ்வளவு நம்மால் முடியாது. முடிகிற காரியங்கள் நிறைய இருக்கின்றன.

கூடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சுவரிலிருக்கும் கோப்பைகளைப் பார்க்காதீர்கள், தரையிலிருக்கும் மெத்தையைப் பாருங்கள். கிழிந்து தட்டையாகிப் போன மெத்தையில் குதிக்கவைக்கிறவர் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம். ஒரு மாஸ்டரிடம் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுங்கள். குழந்தையின் உடம்பைத் தொடுமுன் 'பிடிக்கப் போறேன்மா' என்று சொல்கிறாரா என்று கவனியுங்கள். ஓராண்டு போட்டியே வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அவர் முகம் எப்படிப் போகிறது என்றும் பாருங்கள். பாதி விஷயம் அதில் தெரிந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள் பிள்ளை தெருவில் ஓடிப்பிடித்து விளையாடட்டும், நீச்சலடிக்கட்டும், சும்மாவும் இருக்கட்டும். பதினொன்று, பன்னிரண்டு வயதில் மளமளவென்று உயரும்போது நேற்று வரை வந்த வித்தை திடீரென்று வராமல் போகும், உடம்பு இறுகும். அது சோம்பேறித்தனமில்லை என்று மாஸ்டருக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் வழியில் 'இன்னைக்கு என்ன கத்துக்கிட்ட' என்று கேட்பதோடு 'எங்கயாவது வலிச்சுதா, யாராவது திட்டினாங்களா' என்றும் கேளுங்கள். போதும் என்று அவள் ஒருநாள் சொன்னால், கட்டிய ஃபீஸைச் சொல்லிக் காட்டாமல் விட்டுவிடுங்கள்.

நாளைக்கு வகுப்பு இருந்தால் போனைப் பையில் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாருங்கள். பார்க்க விடமாட்டோம் என்று சொல்கிற கூடத்தில் உங்கள் பிள்ளை இருந்தால், இந்த வாரமே நிறுத்திவிடுங்கள்.